ஒரு காணொளி, மூன்று உரிமைகள்: ஜனவரி 1 முதல் இணையத்தில் என்ன மாறுகிறது?

ஜார்ஜ்டவுன்: டத்தோ கிராமாட் வட்டாரத்தில் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். இரவு 11 மணிக்குக் குடியிருப்பாளர்களின் புலனக் குழுவில் ஒரு காணொளி வந்து விழுகிறது. மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஓர் இளைஞன் நிற்கிறான். பூட்டை உற்றுப் பார்க்கிறான், பிறகு நடந்து போய்விடுகிறான். 40 விநாடிதான். கீழே ஒரு வரி: "இவன்தான் திருடன், எல்லாருக்கும் அனுப்புங்க."

காலை விடிவதற்குள் அந்தக் காணொளி பக்கத்து புளோக்கைத் தாண்டி, ஆயர் ஈத்தாமைத் தாண்டி, பட்டர்வொர்த் வரை போயிருக்கும். யாரோ ஒருவர் அவனது பெயரைக் கண்டுபிடித்துப் போடுவார். இன்னொருவர் அவன் படிக்கும் பள்ளியைப் போடுவார். மூன்றாமவர், "பாவம், அவன் தன் அண்ணனோட மோட்டாரைத்தானே தேடிக்கிட்டு இருந்தான்" என்று எழுதுவார். அதற்குள் நேரம் கடந்திருக்கும்.

இது கற்பனை உதாரணம்தான். ஆனால் புலனக் குழுவில் இருக்கும் எவருக்கும் இது புதிதல்ல. இந்த ஒரு காணொளிக்குள் மூன்று உரிமைகள் மோதிக்கொள்கின்றன. தன் மோட்டார் திருடுபோகக் கூடாது என்று நினைக்கும் குடியிருப்பாளரின் பாதுகாப்பு ஒன்று. குற்றம் நிரூபிக்கப்படாத ஓர் இளைஞனின் அந்தரங்கம் மற்றொன்று. பார்த்ததைச் சொல்லவும் கேள்வி கேட்கவும் எல்லாருக்கும் உள்ள பேச்சுரிமை மூன்றாவது.

மூன்றும் நியாயமானவை. ஒன்றை முழுமையாகப் பிடித்துக்கொண்டால் மற்ற இரண்டும் கைநழுவும். நாட்டின் சட்டமும் இப்போது அந்த இடத்தில்தான் நிற்கிறது. 2025ஆம் ஆண்டின் இணையப் பாதுகாப்புச் சட்டம் 2026 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அது எதைக் காக்கிறது, எதைக் காக்கவில்லை, சாதாரணப் பயனீட்டாளர் எதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏஷாவின் மரணமும் 100 வெள்ளி அபராதமும்

இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது, மலேசியத் தமிழர்களால் ஒரு பெயரைக் கடந்து போக முடியாது. ஏஷா என்று டிக்டாக்கில் அறியப்பட்ட ராஜேஸ்வரி அப்பாவு, 2024 ஜூலை 5ஆம் தேதி கோலாலம்பூர், செத்தாப்பாக்கில் உள்ள தமது வீட்டில் இறந்து கிடந்தார். டிக்டாக் நேரலைகளில் தம்மை இழிவுபடுத்துகிறார்கள், மிரட்டுகிறார்கள் என்று அவர் போலீசில் புகார் செய்த மறுநாள் அது நடந்தது. வசை பேசியவர்களும் தமிழர்கள், கேட்டுக்கொண்டிருந்தவர்களும் தமிழர்கள் என்பதால் அந்த மரணம் நம் சமூகத்தை உலுக்கியது.

அதைவிட அதிகமாக உலுக்கியது, அதற்குப் பின் நீதிமன்றத்தில் நடந்தது. அவரை இழிவுபடுத்தியதாகக் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒரு பெண்ணுக்கு விதிக்கப்பட்ட அபராதம் 100 வெள்ளி. அந்த நீதிமன்றம் இரக்கம் காட்டியதால் அது 100 வெள்ளி ஆகவில்லை. 1955ஆம் ஆண்டின் சிறு குற்றங்கள் சட்டத்தின் 14ஆவது பிரிவு அனுமதித்த உச்ச வரம்பே அவ்வளவுதான். சாலையோரத்தில் கூச்சலிட்டுத் திட்டிச் சண்டை போடுபவரை நினைத்து எழுதப்பட்ட சட்டம் அது. ஆயிரக்கணக்கானோர் பார்க்க, நாள்தோறும், ஒருவரின் வீட்டுக்குள்ளேயே, அவரது கைப்பேசிக்குள்ளேயே நுழைந்து திட்டுவதை அன்று யாரும் கற்பனை செய்திருக்க முடியாது.

அந்த 100 வெள்ளிதான் சட்டத் திருத்தத்துக்கான குரலை நாடாளுமன்றம் வரை கொண்டு போனது. இணையப் பாதுகாப்பு மசோதா 2024 டிசம்பரில் நிறைவேறியது. குற்றவியல் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரை புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டு, 2025 ஜூலை 11 முதல் நடப்புக்கு வந்தன. ஒருவரைச் சீண்டி, அதனால் அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள நேர்ந்தால், சீண்டியவருக்கு 10 ஆண்டுகள் வரை சிறை விதிக்க இப்போது இடமுண்டு. ஒருவருக்குத் தொல்லையோ அச்சமோ தர வேண்டும் என்ற நோக்கத்துடன் அவரது பெயர், படம், முகவரி, கைப்பேசி எண் போன்ற அடையாள விவரங்களை வெளியிடுவதும் தனிக் குற்றமாகிவிட்டது. அதற்கு 3 ஆண்டுகள் வரை சிறை கிடைக்கலாம்.

டத்தோ கிராமாட் காணொளிக்கு இந்தக் கடைசிப் பகுதி நேரடியாகப் பொருந்தக்கூடியது. "அவன் வீடு இதுதான், போய்க் கேளுங்க" என்று முகவரியைப் போடுபவர், தாம் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்த வரி ஒருவர் வீட்டு வாசலில் கூட்டம் சேர்ப்பதற்காகவே எழுதப்பட்டது என்று தெரிந்தால், சட்டம் அதை வேறு மாதிரிப் பார்க்கும்.

புதிய சட்டம் யாரைக் கட்டுப்படுத்துகிறது?

பலர் நினைப்பதுபோல், இணையப் பாதுகாப்புச் சட்டம் முதலில் கைவைப்பது பதிவு போடுபவர் மேல் அல்ல. டிக்டாக், முகநூல், யூடியூப் போன்ற தளங்களை நடத்தும் நிறுவனங்களின் மேல்தான்.

நாட்டில் 80 லட்சம் பயனீட்டாளர்களுக்கு மேல் வைத்திருக்கும் சமூக ஊடகத் தளங்களும் செய்திப் பரிமாற்றச் செயலிகளும் உரிமம் பெற வேண்டும் என்ற விதி 2025 ஜனவரி 1இல் தொடங்கியது. சில தளங்கள் உடனே உரிமம் பெற்றன. சில தளங்கள் தயங்கின. 2026 ஜனவரி 1 முதல், அந்த அளவைத் தாண்டிய தளங்கள் விண்ணப்பிக்காவிட்டாலும் உரிமம் பெற்றவையாகவே கருதப்படும். உரிமத்துக்குள் வந்த நிறுவனம் புதிய சட்டத்தின் கடமைகளுக்குள்ளும் வந்துவிடும்.

தீங்கான உள்ளடக்கம் என்று சட்டம் ஒன்பது வகைகளைப் பட்டியலிடுகிறது. சிறுவர் பாலியல் துன்புறுத்தல் உள்ளடக்கம், நிதி மோசடி, ஆபாசம், அநாகரிகம், தொல்லையும் அச்சமும் தரும் உள்ளடக்கம், வன்முறைக்கும் பயங்கரவாதத்துக்கும் தூண்டுவது, சிறுவரைத் தமக்குத் தாமே தீங்கிழைத்துக்கொள்ளத் தூண்டுவது, மக்களிடையே பகைமை வளர்ப்பது, போதைப்பொருளை ஊக்குவிப்பது ஆகியவை அவை. இவற்றுள் முதல் இரண்டும், அதாவது சிறுவர் பாலியல் உள்ளடக்கமும் நிதி மோசடியும், முன்னுரிமைப் பட்டியலில் உள்ளன. அவற்றை மக்கள் அணுக முடியாதபடி செய்வதற்கான ஏற்பாடு தளங்களிடம் இருக்க வேண்டும்.

புகார் செய்ய எளிய வழி, புகாருக்குப் பதில், சிறுவர்களுக்குக் கூடுதல் காப்பு, பாதுகாப்புத் திட்டம் என்று பிற கடமைகளும் உண்டு. தவறும் நிறுவனத்துக்கு 1 கோடி ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். மேற்பார்வையிடும் பொறுப்பு மலேசியத் தொடர்பு மற்றும் பல்லூடக ஆணையத்திடம் (எம்சிஎம்சி) உள்ளது. அதன் முடிவை எதிர்த்துச் செல்ல மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஒன்றுக்கும் சட்டத்தில் இடமுண்டு.

ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். தனிப்பட்ட செய்திப் பரிமாற்ற வசதிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. இருவருக்கிடையே, அல்லது அனுப்புபவர் தேர்ந்தெடுத்த சிலருக்குள் நடக்கும் உரையாடலுக்குள் நிறுவனம் நுழைந்து பார்க்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. அந்தரங்கத்துக்கு அது நல்ல செய்தி. ஆனால் "புலனத்தில் என்ன வேண்டுமானாலும் அனுப்பலாம்" என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. நிறுவனத்தின் கடமைதான் அங்கே இல்லை. அனுப்புபவர் மேல் பாயக்கூடிய பழைய சட்டங்கள் அப்படியே இருக்கின்றன. அவற்றில் அதிகம் பேசப்படுவது 233.

காக்கும் பிரிவே கடிக்கும் பிரிவு

1998ஆம் ஆண்டின் தொடர்பு மற்றும் பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவு, இணையத்தில் ஆபாசமாக, பொய்யாக, மிரட்டலாக அல்லது புண்படுத்தும் விதத்தில், பிறரை எரிச்சலூட்டவோ தொல்லைப்படுத்தவோ வேண்டும் என்ற நோக்கத்துடன் எதையும் அனுப்புவதைக் குற்றமாக்குகிறது. முன்பு 50,000 ரிங்கிட் அபராதமும் ஓராண்டுச் சிறையும் உச்ச தண்டனையாக இருந்தன. 2025 பிப்ரவரி 11 முதல் அது 5 லட்சம் ரிங்கிட்டாகவும் 2 ஆண்டுச் சிறையாகவும் உயர்ந்தது. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் குறைந்தவரானால் சிறைத் தண்டனை 5 ஆண்டுகள் வரை போகலாம்.

நம் சமூகம் இந்தப் பிரிவை ஒரு வழியில் மட்டும் பார்த்துப் பழகியிருக்கிறது. 2025 மார்ச்சில், மலாய் மொழி வானொலி ஒன்றின் அறிவிப்பாளர்கள் காவடியாட்டத்தையும் "வேல் வேல்" முழக்கத்தையும் கேலி செய்யும் காணொளி வெளியானது. ஆண்டுதோறும் வெள்ளி ரதம் கடந்து போகும் டத்தோ கிராமாட் சாலையில் தேங்காய் உடைக்கும் குடும்பங்களுக்கு அது வெறும் வேடிக்கையாகத் தெரியவில்லை. புகார்கள் குவிந்தன. போலீசும் எம்சிஎம்சியும் விசாரித்தபோது பயன்பட்ட சட்டங்களில் 233ஆவது பிரிவும் ஒன்று. முடிவில் அந்த ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 2 லட்சத்து 50 ஆயிரம் ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. சட்டம் நம் பக்கம் நின்றது என்று பலர் நிம்மதி அடைந்தார்கள்.

அதே பிரிவு வேறு இடத்தில் வேறு மாதிரி வேலை செய்ததையும் பார்க்க வேண்டும். அகதிகளுக்காகப் பணியாற்றும் ஹெய்டி குவா, 2020 ஜூனில் முகநூலில் ஒரு பதிவு இட்டார். குடிநுழைவுத் தடுப்பு முகாமில் அகதிகள் நடத்தப்படும் விதத்தைப் பற்றிய பதிவு அது. அதற்காக 2021 ஜூலையில் இதே 233ஆவது பிரிவின்கீழ் அவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. 2022இல் செஷன்ஸ் நீதிமன்றம் அவரை வழக்கிலிருந்து விடுவித்தாலும் அது முழு விடுதலை அல்ல. அவர் பிரிவையே எதிர்த்து வழக்குத் தொடுத்தார்.

அவருக்கு முன்பும் பலர் இருந்தார்கள். அப்போதைய பிரதமரைக் கோமாளி முகத்துடன் வரைந்த ஓவியர் ஃபாஹ்மி ரேசாவுக்கு 2018இல் ஈப்போ செஷன்ஸ் நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 30,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. பின்னர் உயர் நீதிமன்றம் சிறைத் தண்டனையை நீக்கி, அபராதத்தை 10,000 ரிங்கிட்டாகக் குறைத்தது. அதற்கும் இதே பிரிவுதான்.

ஏஷாவைத் திட்டியவரையும், தடுப்பு முகாமின் நிலையைச் சொன்னவரையும், கோமாளிப் படம் வரைந்தவரையும் ஒரே வலையில் பிடிக்கும் சட்டம் எங்கோ தவறாக நெய்யப்பட்டிருக்கிறது. இந்தச் சட்டத்தை விமர்சிப்பவர்களின் வாதத்தைச் சுருக்கினால் இதுதான்.

"எரிச்சல்" என்ற ஒரு சொல்

2025 ஆகஸ்ட் 19ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஹெய்டி குவாவின் வழக்கில் தீர்ப்பு வழங்கியது. நீதிபதி லீ சுவீ செங் தலைமையிலான மூவர் குழு ஒருமனதாகச் சொன்னது இதுதான்: பழைய 233ஆவது பிரிவில் இருந்த "புண்படுத்தும்" என்ற சொல்லும் "எரிச்சலூட்டும்" என்ற சொல்லும் கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்துக்கு முரணானவை.

காரணத்தைச் சாதாரண மொழியில் சொல்லிவிடலாம். அரசியலமைப்பின் 10(1)(அ) விதி குடிமக்களுக்குப் பேச்சுரிமை தருகிறது. 10(2) விதி அதற்கு வரம்பு போட நாடாளுமன்றத்தை அனுமதிக்கிறது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, நெறி, அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, குற்றத்துக்குத் தூண்டுதல் என்று அதற்கான காரணங்கள் அங்கே பட்டியலாக உள்ளன. "ஒருவருக்கு எரிச்சல் வரும்" என்பது அந்தப் பட்டியலில் இல்லை. உண்மையைச் சொன்னாலும் யாரோ ஒருவருக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். ஒருவருக்கு எரிச்சலாவது இன்னொருவருக்குச் சிரிப்பாகும். அப்படி ஆளுக்கு ஆள் மாறும் ஓர் உணர்வை வைத்து ஒருவரைச் சிறைக்கு அனுப்ப முடியுமா என்பதே கேள்வி.

அரசுத் தரப்பு இந்தத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்தது. இதற்கிடையே 2025 திருத்தத்தில் "புண்படுத்தும்" என்பது "மிகக் கடுமையாகப் புண்படுத்தும்" என்று மாற்றப்பட்டு, விளக்கங்களும் சேர்க்கப்பட்டன. ஆனால் "எரிச்சலூட்டும் நோக்கம்" திருத்திய பிரிவிலும் தொடர்கிறது.

இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டுவது மலேசியா மட்டுமல்ல. இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவிலும் "எரிச்சல்" இருந்தது. 2012இல் ஓர் அரசியல்வாதியின் மகனைப் பற்றி டுவிட்டரில் எழுதியதற்காகப் புதுச்சேரியில் ஒரு வணிகர் கைது செய்யப்பட்டது இந்தப் பிரிவின்கீழ்தான். ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை முற்றாக நீக்கியது.

இலங்கையிலோ காற்று எதிர்த்திசையில் அடித்தது. அங்கே 2024 ஜனவரியில், 108க்கு 62 என்ற வாக்குகளில் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேறியது. சட்டத்தின் பெயரில் காப்பு இருந்தாலும், எது உண்மை, எது பொய் என்று முடிவு செய்யும் அதிகாரம் அரசு அமைக்கும் ஆணைக்குழுவிடம் போவது குறித்துத் தமிழ்ச் செய்தியாளர்களும் உரிமை அமைப்புகளும் கவலை தெரிவித்தார்கள்.

நீக்குவது எளிது, மீட்பது கடினம்

மீண்டும் நம் நாட்டின் புதிய சட்டத்துக்கு வருவோம். கோடி வெள்ளி அபராதம் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கு ஒரு பக்கவிளைவும் உண்டு.

ஒரு பதிவு தீங்கானதா இல்லையா என்பதில் சந்தேகம் வரும்போது, நிறுவனத்தின் கணக்கு எப்படி இருக்கும்? விட்டுவைத்தால் அபராதம் வரலாம். நீக்கினால் பதிவிட்டவர் ஒருவர் முணுமுணுப்பார், அவ்வளவுதான். அபராதம் ஒரு பக்கம் மட்டும் இருக்கும்போது தராசு தானாகவே நீக்கும் பக்கம் சாயும். குடும்ப வன்முறையை விவரிக்கும் ஒரு பெண்ணின் பதிவு, தோட்டப்புற வீடு இடிப்பைக் காட்டும் காணொளி, மோசடிக்காரரை எச்சரிக்கும் படம் ஆகியவை நியாயமானவையாக இருந்தும், தானியங்கி வடிகட்டியின் பார்வையில் வன்முறையாகவோ பகைமையாகவோ மோசடியாகவோ தெரியலாம்.

தமிழுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. நம் இளைஞர்கள் இணையத்தில் எழுதும் தமிழ் நூலில் உள்ள தமிழ் அல்ல. பாதி ரோமன் எழுத்து, கொஞ்சம் மலாய், கொஞ்சம் ஆங்கிலம், நடுவில் ஊர் வழக்கு. அதிலும் நேரலையில் பேச்சாக வரும் வசையை இயந்திரம் பிடிப்பது இன்னும் கடினம். ஆகவே, ஒரு பக்கம் உண்மையான பகடிவதை வடிகட்டியில் சிக்காமல் நழுவும். மறுபக்கம், குற்றமற்ற ஒரு சொல் தவறாகச் சிக்கும். நம் மொழியும் நம் சூழலும் தெரிந்த மனிதர்கள் புகாரைப் படிக்கிறார்களா என்று தளங்களைக் கேட்பது, தமிழ் அமைப்புகள் புதிய சட்டத்தின் துணையோடு செய்யக்கூடிய முக்கியமான வேலை.

16 வயதும் அடையாள அட்டையும்

மூன்றாவது உரிமைக்கு வருவோம். 2026இல் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கப்போவதாக அரசாங்கம் அறிவித்துள்ளது. அடையாள அட்டை, கடப்பிதழ் போன்றவற்றைக் கொண்டு மின்னியல் முறையில் வயதை உறுதிசெய்யும் ஏற்பாட்டைப் பற்றித் தகவல் தொடர்புத் துறை அமைச்சர் ஃபாஹ்மி ஃபாட்சில் பேசியுள்ளார். ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் இத்தகைய தடையை நடைமுறைப்படுத்தியுள்ளது.

பெற்றோருக்கு இது இனிப்பான செய்தி. பிள்ளை இரவு ஒரு மணி வரை கைப்பேசியைச் சுரண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து அலுத்துப்போன தாய்க்குச் சட்டமே துணைக்கு வந்ததுபோல் இருக்கும். ஆனால் 15 வயதுப் பிள்ளையை வெளியே நிறுத்த வேண்டுமானால், 50 வயதுத் தாயும் தம் வயதை நிரூபிக்க வேண்டியிருக்கும். வாசலில் நிற்கும் காவலர் எல்லாருடைய அட்டையையும் பார்த்தால்தான் சிறுவன் யார் என்று தெரியும்.

அட்டையைக் காட்டிய பிறகு அந்த விவரம் எங்கே போகிறது என்பதில்தான் அச்சம். அதற்குக் காரணமும் உண்டு. 2017 அக்டோபரில், 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்தது தெரியவந்தது. நாட்டின் மக்கள்தொகையை விடவும் அதிகமான எண்ணிக்கை அது. மோசடிக்காரர் அழைத்து நம் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் சரியாகச் சொல்லும்போது நாம் நம்பிவிடுகிறோமே, அதற்கு வழிவிடுவது இத்தகைய கசிவுகள்தான். இங்கே அந்தரங்கமும் பாதுகாப்பும் எதிரெதிர் அல்ல. அந்தரங்கம் போனால் பாதுகாப்பும் சேர்ந்தே போகிறது.

2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நமக்கு இருக்கிறது. தரவு கசிந்தால் அறிவிக்க வேண்டும் என்ற கடமை 2025 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. ஆனால் அந்தச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்கு மட்டுமே பொருந்தும். கூட்டரசு அரசாங்கத்துக்கும் மாநில அரசாங்கங்களுக்கும் அது பொருந்தாது. 2025 ஜூனில், புள்ளிவிவரத் தேவைக்காகக் கைப்பேசிப் பயன்பாட்டுத் தரவுகளை எம்சிஎம்சி தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் கேட்டது வெளியே தெரிந்தபோது எழுந்த கேள்விகளுக்கு இதுவே அடிப்படை. பெயரும் அடையாளமும் நீக்கப்பட்ட தரவுதான் என்று விளக்கம் தரப்பட்டது. ஆனால், நாளை ஏதாவது பிசகினால் குடிமகன் எந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்பது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

தனிமனிதச் சுதந்திரம் என்பதில் அந்தரங்கமும் அடங்கும் என்று கூட்டரசு நீதிமன்றம் சிவராசா ராசையா வழக்கில் சொல்லியிருக்கிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து அதையே அடிப்படை உரிமை என்று அறிவித்தது. கொள்கை இருக்கிறது. அரசையும் கட்டுப்படுத்தும் சட்டமாக அது இன்னும் விரியவில்லை.

நம் சமூகத்துக்கே உரிய ஒரு கவலையும் இதில் சேர்கிறது. பிறப்புப் பத்திரமோ நீல நிற அடையாள அட்டையோ இல்லாத இந்தியக் குடும்பங்கள் இன்னமும் இருக்கின்றன. பள்ளியிலும் வங்கியிலும் மருத்துவமனையிலும் ஆவணம் கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு, யாரும் அட்டை கேட்காத இடமாக இணையம் இருந்தது. வயதை உறுதிசெய்யும் முறையை வகுப்பவர்கள் இவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கைப்பேசி யார் பெயரில் இருக்கிறது?

பலருக்குத் தெரியாத ஒரு சட்டம் 2012 முதல் நடப்பில் இருக்கிறது. சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவு அது. இணையத்தில் வந்த ஒரு பதிவில் உரிமையாளராகவோ நிர்வாகியாகவோ உங்கள் பெயர் இருந்தால், அல்லது அது வெளியான இணையச் சேவை உங்கள் பெயரில் பதிவாகியிருந்தால், அல்லது அது வெளியான கருவி உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தால், அதை வெளியிட்டவர் நீங்கள்தான் என்று நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது.

வழக்கமாகக் குற்றத்தை நிரூபிப்பது அரசுத் தரப்பின் வேலை. இங்கே அந்தச் சுமையின் ஒரு பகுதி இடம் மாறுகிறது. மகனுக்கு வாங்கிய சிம் அட்டை அப்பாவின் பெயரில் இருக்கிறது, வீட்டு வைஃபை அம்மாவின் பெயரில் இருக்கிறது என்பது நம் வீடுகளில் சாதாரணம். பிள்ளை ஆத்திரத்தில் எழுதும் ஒரு வரிக்கு முதல் விளக்கம் சொல்ல வேண்டியவர் பெற்றோராக இருக்கலாம்.

மோட்டார் நிறுத்துமிடத்துக்குத் திரும்புவோம்

இவ்வளவும் தெரிந்த பிறகு அந்த 40 விநாடிக் காணொளியை மறுபடி பார்க்கலாம். குடியிருப்பாளர் செய்யக்கூடியவை இவை:

1. காணொளியை அழிக்க வேண்டாம். அசல் கோப்பை, நாள், நேரத்துடன் வைத்திருந்து போலீசில் புகார் செய்யுங்கள். சாட்சியமாக அதற்கு மதிப்புண்டு.

2. குழுவுக்குத் தகவல் சொல்லத் தடையில்லை. "நேற்றிரவு 11 மணிக்கு நிறுத்துமிடத்தில் சந்தேகத்துக்குரிய நடமாட்டம். பூட்டைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். புகார் செய்தாகிவிட்டது." இதில் எச்சரிக்கை முழுமையாக இருக்கிறது. யாருடைய முகமும் இல்லை.

3. "திருடன்" என்ற சொல்லைப் போலீசும் நீதிமன்றமும் சொல்லும் வரை நாம் சொல்லத் தேவையில்லை. தவறாகப் போனால் அவதூறு வழக்கும் வரலாம்.

4. பெயர், முகவரி, பள்ளி, கைப்பேசி எண் எதையும் சேர்க்க வேண்டாம். அவன் 18 வயதுக்குக் குறைந்தவனாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. குற்றச் சம்பவத்தில் தொடர்புடைய சிறுவரின் அடையாளத்தைச் செய்தி ஊடகங்கள் வெளியிடுவதையே 2001ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம் தடுக்கிறது. 10,000 ரிங்கிட் வரை அபராதமும் 5 ஆண்டுகள் வரை சிறையும் அதற்கு உண்டு.

5. குழு நிர்வாகியாக இருப்பவர், அடையாளம் வெளிப்படும் பதிவை நீக்கிவிட்டு, ஏன் நீக்கினோம் என்று ஒரு வரி எழுதலாம். குழு முழுவதற்கும் அது பாடமாகும்.

அதே குழுவில், "நிறுத்துமிடத்தில் ஆறு மாதமாக விளக்கு எரியவில்லை, நிர்வாகம் என்ன செய்கிறது?" என்று ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது நிர்வாகத்துக்கு எரிச்சல் தரலாம். ஆனால் அது பகடிவதை அல்ல, அவதூறும் அல்ல. அது கேள்வி. ஓர் இளைஞனின் முகத்தைப் பரப்புவதைவிட மோட்டார்களைக் காப்பாற்றக்கூடியதும் அந்தக் கேள்விதான். இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தால் சட்டத்தின் பெரும்பகுதி புரிந்துவிட்டது என்று பொருள்.

டத்தோ கிராமாட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், பாடாங் கோத்தா லாமாவில் 2010இல் மாநில அரசு பேச்சாளர் சதுக்கம் ஒன்றைத் திறந்தது. எவரும் வந்து நின்று பேசலாம் என்பதற்கான இடம் அது. இன்று அந்தச் சதுக்கம் ஒவ்வொருவரின் சட்டைப் பையிலும் இருக்கிறது. சதுக்கத்தில் நின்று பேசுபவருக்கு, எதிரே இருப்பவரின் முகம் தெரியும். கைப்பேசியில் அது தெரிவதில்லை. ஏஷாவைத் திட்டியவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை.

சட்டம் நிறுவனத்துக்கு அபராதம் போடும், மிரட்டியவரைச் சிறைக்கு அனுப்பும். அது அளவு மீறினால் நீதிமன்றம் திருத்தும். அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் எதிரே இருப்பவரின் முகத்தை ஒரு கணம் நினைத்துப் பார்க்கும் வேலையை மட்டும் யாரும் நமக்காகச் செய்ய முடியாது.

(இணையப் பகடிவதையாலோ வேறு காரணத்தாலோ மன உளைச்சலில் இருப்பவர்கள் பெஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணிலும், சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண்ணை 15555 என்ற எண்ணிலும் அழைக்கலாம். சிறுவர் துன்புறுத்தல், குடும்ப வன்முறை தொடர்பான உதவிக்குத் தாலியான் காசே 15999. இணைய நிதி மோசடியில் பணம் இழந்தவர்கள் உடனே 997 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.)